அழுக்கு, சுண்ணாம்பு, கிருமி: யாழ்ப்பாணத்து வீட்டு மின்சாதனங்களைத் துப்புரவாக்கித் தொற்றுநீக்கும் முழுமையான வழிகாட்டி

1990களின் பெரும்பகுதியை யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றிக் கழித்தபோது, எங்கள் குசினிகளில் சம்பல் அம்மியில் அரைபட்டது. தோசைக்கான உழுந்து ஆட்டுக்கல்லில் அரைபட்டது. அம்மியில் அழுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிக் கையால் வழித்துவிட்டால் கல்லின் முழு முகமும் கண்ணுக்குத் தெரியும். இன்று அதே வேலையைச் செய்யும் கிறைண்டரில் அலகுக்கு அடியில் ஓர் இறப்பர் வளையம் இருக்கிறது, குளிர்சாதனப் பெட்டியின் முதுகுப்புறத்தில் ஒரு தண்ணீர்த் தட்டு இருக்கிறது, சலவை இயந்திரத்தின் வாயில் மடிப்புள்ள ஒரு பட்டி இருக்கிறது. நாள்தோறும் நாம் துடைப்பது வெளிப்புறத்தை மட்டுமே.

கடந்த மாரியில் சின்னம்மா வீட்டுக் கிறைண்டர் ஜாரின் அடியால் தண்ணீர் கசிந்தபோது அலகைக் கழற்றிப் பார்த்தேன். நாளுக்கு மூன்று தடவை கழுவப்பட்டுப் பளபளவென்று இருந்த அந்த ஜாரின் வளையத்துக்குக் கீழே, விரல் நகத்தின் தடிப்பில் சாம்பல் நிறக் களி படிந்திருந்தது. புளித்துப்போன தேங்காய்ப்பூவின் மணம் மூக்கில் ஏறியது. அந்த ஜாரில்தான் பேரப்பிள்ளைக்குக் கஞ்சி அரைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. கவனமாகக் கழுவுகின்ற வீட்டிலேயே இப்படி நடக்குமென்றால், கழற்றிக் கழுவும் முறையை ஒழுங்காக எழுதிவைப்பது தேவை என்று அன்று பட்டது.

வேலையின் வரிசை

துப்புரவாக்கலும் தொற்றுநீக்கலும் ஒன்றல்ல. துப்புரவாக்கல் என்பது எண்ணெய், உணவுத் துணிக்கை, தூசி ஆகியவற்றைத் தேய்த்து அகற்றுவது. தொற்றுநீக்கல் என்பது அதன் பிறகும் எஞ்சியிருக்கும் கிருமிகளைக் கொல்வது. குளோரின் போன்ற தொற்றுநீக்கி, மீன் இரத்தத்தையோ தேங்காய்ப் பாலையோ சந்தித்தால் அவற்றோடு தாக்கமுற்றே தன் வலுவை இழந்துவிடும். அழுக்கின் மேல் ஊற்றப்படும் குளோரின் பெரும்பாலும் வீண்செலவுதான்.

யாழ்ப்பாணத்தில் இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது ஒரு வேலையும் உண்டு. குடாநாட்டின் நிலம், பல மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மெல்லிய அமிலத்தன்மை பெற்று, அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டே கிணற்றுக்கு வருகிறது. அந்த நீரைச் சூடாக்கும்போது கரைந்திருந்த கல்சியம் மீண்டும் கல்லாகிப் பாத்திரத்தில் படிகிறது. வடகரையிலுள்ள கீரிமலையில் காலுக்கடியில் கிடக்கும் அதே பொருள்தான் கேத்திலின் அடியிலும் வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. அந்தப் படிவு சொரசொரப்பானது. அதன் துளைகளுக்குள் அழுக்கும் கிருமியும் தங்கும், துணி அங்கே எட்டாது.

ஆகையால் முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தால் அழுக்கை நீக்குங்கள், அடுத்ததாக அமிலத்தால் சுண்ணாம்பைக் கரையுங்கள், நன்றாக அலசிய பின்னரே தொற்றுநீக்கியைப் பயன்படுத்துங்கள், முடிவில் உலரவிடுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். குறிப்பாக, அமிலமும் குளோரினும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சேரவே கூடாது. வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ குளோரின் திரவத்தோடு கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும். அமோனியா உள்ள துப்புரவுத் திரவங்களோடு கலந்தால் குளோரமீன் வாயு உண்டாகும். இரண்டும் நுரையீரலைப் புண்ணாக்கக்கூடியவை. அமிலம் பயன்படுத்திய நாளில் குளோரினைத் தொடாமல், அதனை மறுநாளுக்கு ஒத்திவைப்பதே எங்கள் வீட்டு வழக்கம். அதையே உங்களுக்கும் பரிந்துரைக்கிறேன்.

தேவையானவையும் அளவுகளும்

பாத்திரம் கழுவும் திரவம், அப்பச்சோடா, வினாகிரி அல்லது சிற்றிக் அமிலம், 5 சதவீத வீட்டுக் குளோரின் திரவம், 70 சதவீத அற்ககோல், பழைய பல் துலக்கும் பிரஷ் இரண்டு, பருத்தித் துணிகள், கையுறை ஆகியவை போதும். சவர்க்காரக் கட்டி இந்த வேலைக்கு உகந்ததல்ல. எங்கள் கிணற்றுநீரின் கல்சியத்தோடு சேர்ந்து அது நுரைக்காமல் திரிந்து, வழுவழுப்பான வெள்ளைப் படையாக மீண்டும் சாதனத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

கைபிடி, கதவு, தட்டு போன்ற பொதுப் பரப்புகளுக்கு 0.1 சதவீதக் குளோரின் கரைசல் போதுமானது. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் கொவிட் காலத்துக்குப் பரிந்துரைத்த செறிவும் இதுவே. 5 சதவீதத் திரவத்தில் 20 மில்லிலீற்றரை எடுத்துக் குளிர்ந்த நீர் சேர்த்து ஒரு லீற்றராக்கினால் இந்தச் செறிவு கிடைக்கும். உணவு நேரடியாகப் படும் பிளாஸ்ரிக், கண்ணாடிப் பாகங்களுக்கு லீற்றருக்கு 4 மில்லிலீற்றர், அதாவது நிறையாத ஒரு தேக்கரண்டி போதும். அதன் பின்னர் கொதித்தாறிய நீரால் அலசிவிட வேண்டும். கரைசல் பட்ட பரப்பு சில நிமிடங்களாவது ஈரமாக இருக்க வேண்டும். பூசிய உடனே துடைத்துவிட்டால் கிருமி சாவதற்கு நேரம் கிடைக்காது. கலந்த கரைசலை அன்றன்றே தீர்த்துவிடுங்கள். வெந்நீரில் கலக்காதீர்கள்.

கிணற்றுக்குப் போடும் வெளிற்றும் தூள் மலிவாகக் கிடைக்கிறதே, அதைக் கரைத்துப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தூளே கல்சியச் சேர்வை. கரையாத சுண்ணாம்பு மீதியை அது சாதனங்களில் விட்டுச்செல்லும். ஏற்கெனவே சுண்ணாம்பால் அவதிப்படுகின்ற நாம் அதனைக் கிணற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எந்தச் சாதனமானாலும் முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் தொட வேண்டும். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. எங்கள் இணைப்பில் ஓடுவது 230 வோல்ற்று, உங்கள் கையோ ஈரமானது.

கேத்தில்

மின்கேத்திலில் பாதியளவு தண்ணீர் நிரப்பிக் கொதிக்கவைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகு லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி சிற்றிக் அமிலத்தை மெல்ல மெல்லச் சேருங்கள். நுரை பொங்கி எழும். அதனால்தான் பாதியளவோடு நிறுத்தச் சொல்கிறேன். காதைக் கிட்டக் கொண்டுபோனால் சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் ஒரு சீறல் கேட்கும். சுண்ணக்கல் அமிலத்தில் கரைந்து காபனீரொட்சைட்டாக வெளியேறும் சத்தம் அது. சீறல் அடங்கியதும், முட்டைக் கோதுபோன்ற வெள்ளைச் செதில்கள் அடியிலிருந்து கழன்று மிதக்கத் தொடங்கும். அரை மணித்தியாலம் விட்டுக் கொட்டி, எஞ்சியதை மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டு தடவை வெறுந் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றிவிடுங்கள்.

சிற்றிக் அமிலம் இல்லாதவர்கள் வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து பயன்படுத்தலாம். மணம் போக மேலும் ஒரு தடவை கொதிக்கவைக்க நேரும். தேசிக்காயும் வேலை செய்யும் என்றாலும் பல காய்கள் தேவைப்படும், படிவு தடித்திருந்தால் பாதிதான் கரையும். உலோகக் கம்பித் தும்பால் சுரண்டாதீர்கள். சுரண்டிய கீறல்களில் சுண்ணாம்பு இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். கேத்திலின் உட்புறத்துக்குக் குளோரின் தேவையில்லை. கொதிநீரே அங்கே தொற்றுநீக்கி. குளோரின் துருப்பிடியா உருக்கில் குழிகளை உண்டாக்கும். கிணற்றுநீரைக் கொதிக்கவைக்கும் வீடுகளில் மாதம் ஒரு தடவை இதைச் செய்தால் கேத்தில் விரைவாகக் கொதிக்கும், ஏனென்றால் சுண்ணாம்புப் படை வெப்பத்தைத் தடுத்துக்கொண்டே இருக்கிறது.

கிறைண்டர்

சம்பல் அரைத்த ஜாருக்குள் வெதுவெதுப்பான நீரும் இரண்டு துளி பாத்திரத் திரவமும் விட்டு அரை நிமிடம் சுழற்றுவது நல்ல பழக்கம், ஆனால் அது முதற்படி மட்டுமே. வாரத்தில் ஒரு நாளாவது, கழற்றக்கூடிய அலகாக இருந்தால் கழற்றி எடுங்கள். அலகின் கூர்ப்பக்கத்தைப் பிடிக்காமல் தடித்த துணியைச் சுற்றிப் பிடித்துத் திருக வேண்டும். இறப்பர் வளையத்தை விரலால் நெம்பி எடுங்கள். கத்தி முனையால் நெம்பினால் வளையம் கிழிந்து, பிறகு கசியும். வளையத்தின் இரு முகங்களையும், அது உட்காரும் பள்ளத்தையும், அலகு திருகப்படும் புரிகளையும் பல் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். களி காய்ந்து ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் அப்பச்சோடா கரைத்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள்.

வளையத்தையும் மூடியையும் லீற்றருக்கு 4 மில்லிலீற்றர் குளோரின் கரைசலில் ஐந்து நிமிடம் அமிழ்த்தி எடுத்து அலசலாம். உலோக அலகை அதற்குள் போட வேண்டாம். அதைப் பாத்திரத் திரவத்தால் தேய்த்து, ஒரு கோப்பைக்குள் வைத்துக் கொதிநீரை ஊற்றினால் போதும். கண்ணாடி ஜாருக்குள் கொதிநீரை ஊற்றாதீர்கள், வெடித்துவிடும். பிளாஸ்ரிக் ஜாரும் வளையும்.

ஜாரின் அடிப்புறத்தைப் பலர் திருப்பிப் பார்ப்பதேயில்லை. மோட்டருடன் பொருந்தும் பற்சக்கரத்தைச் சுற்றி மிளகாய்த்தூளும் எண்ணெயும் கறுத்த பசையாகச் சேர்ந்திருக்கும். அடிப்பெட்டியை நீரில் நனைக்கக் கூடாது. பிழிந்த ஈரத் துணியால் துடைத்து, காற்றுத் துளைகளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். பாகங்களை முற்றாக உலரவிட்ட பிறகே மீண்டும் பூட்டுங்கள். ஈர வளையத்தைப் பூட்டினால் செய்த வேலை மூன்று நாளில் பாழாகும். பிளாஸ்ரிக்கில் ஏறிய மஞ்சள் கறையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது சாயம் மட்டுமே, ஒரு பகல் வெயிலில் வைத்தால் வெளிறிவிடும்.

குளிர்சாதனப் பெட்டி

பாசையூரிலோ குருநகரிலோ வாங்கிய மீனை அப்படியே பொலித்தீன் பையோடு வைப்பது எங்கள் வீடுகளில் வழமை. பையிலிருந்து வடியும் நீர் கீழ்த்தட்டுக் கறிவேப்பிலையிலும் முந்திய நாள் இடியப்பத்திலும் விழுகிறது. குளிர், கிருமியைக் கொல்வதில்லை, அதன் வளர்ச்சியை மந்தமாக்குகிறது. லிஸ்ரீரியா போன்ற சில கிருமிகள் 4 பாகை செல்சியசிலும் வளரும். எனவே மீனும் இறைச்சியும் மூடியுள்ள பாத்திரத்தில், எல்லாவற்றுக்கும் கீழே உள்ள தட்டில் இருக்க வேண்டும்.

முழுத் துப்புரவை மாதம் ஒரு தடவை செய்யுங்கள். பொருட்கள் குறைந்திருக்கும் நாளைத் தேர்ந்தெடுத்து, எஞ்சியவற்றைப் பனிக்கட்டியோடு ஒரு பெட்டியில் மாற்றி, பிளக்கைக் கழற்றிக் கதவைத் திறந்துவிடுங்கள். பனி தானாக உருகட்டும். அவசரப்பட்டுக் கத்தியால் குத்துவது பெரும் ஆபத்து, ஏனென்றால் மெல்லிய குளிரூட்டிக் குழாய் ஓட்டையாகிவிடும். புதிய பெட்டிகள் பலவற்றில் இருக்கும் ஆர்-600ஏ என்னும் ஐசோபியூட்டேன் வாயு தீப்பற்றக்கூடியது.

கண்ணாடித் தட்டுகளை வெளியே எடுத்ததும் வெந்நீர் ஊற்றாதீர்கள். அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகே கழுவ வேண்டும். உட்சுவரை மேலிருந்து கீழாக, ஒரு லீற்றர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்த கரைசலால் துடையுங்கள். மணமும் போகும், கீறலும் விழாது. மீன் நீர் சிந்திய இடத்தைப் பாத்திரத் திரவத்தால் தேய்த்துத் துடைத்த பின், மேலே சொன்ன லீற்றருக்கு 4 மில்லிலீற்றர் குளோரின் கரைசலைப் பூசிச் சில நிமிடம் விட்டு, கொதித்தாறிய நீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

கதவின் இறப்பர்ப் பட்டியில் தனியாக நேரம் செலவிடுங்கள். மடிப்பை விரலால் விரித்தால் கறுப்புப் புள்ளிகள் தெரியும், அது பூஞ்சணம். பாத்திரத் திரவம் தோய்த்த பிரஷ்ஷால் மடிப்பின் ஓரமாக ஓட்டி, துடைத்து, அற்ககோல் நனைத்த துணியை ஒரு தடவை இழுத்து, உலர்ந்த துணியால் முடியுங்கள். பிறகு ஒரு கடதாசித் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் பட்டி தளர்ந்துவிட்டது. எவ்வளவு துடைத்தாலும் உள்ளே ஈரம் சேர்ந்துகொண்டே இருக்கும், பட்டியை மாற்றுவதே வழி.

மரக்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறதா? பெரும்பாலும் பின்சுவரின் கீழ்ப்பகுதியில் உள்ள வடிதுளை அடைபட்டிருக்கும். குளிர்பானக் குழாயை மெல்ல நுழைத்து அடைப்பை நீக்கி, வெதுவெதுப்பான சோடா நீரை ஊற்றிவிடுங்கள்.

அந்த நீர் போய்ச் சேரும் இடம்தான் இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது. பெட்டியின் பின்புறத்தில், கொம்பிரசருக்கு மேலே ஒரு சிறிய தட்டு இருக்கும். கொம்பிரசரின் சூட்டில் நீர் ஆவியாக வேண்டும் என்பது ஏற்பாடு; மாரியின் ஈரக்காற்றில் அது முழுதாக ஆவியாவதில்லை. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு முட்டையிட விரும்புவது வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் இருக்கும் இத்தகைய சிறு நீர்த்தேக்கங்களைத்தான். முட்டை நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்கள் போதும். எனவே வடகீழ்ப் பருவமழை பெய்யும் ஒக்டோபர் முதல், மழை ஓய்ந்து டெங்கு தலைதூக்கும் ஜனவரி வரை, வாரம் ஒரு தடவை தட்டை வெளியே எடுங்கள். தண்ணீரைக் கொட்டுவது மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தட்டின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த நீரில் பொரிக்கும். ஆகவே சுவரைத் தும்பால் அழுத்தித் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, காயவைத்துப் பொருத்த வேண்டும். தட்டு கழறாத பெட்டியாக இருந்தால், பஞ்சால் நீரை ஒற்றியெடுத்துப் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள்.

பெட்டியை இழுத்த கையோடு பின்புறக் கம்பிச் சுருளில் படிந்த தூசியையும் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். மீண்டும் மின்னைக் கொடுத்த பிறகு உள்ளே 5 பாகை செல்சியசுக்கு மேற்படாமல் இருக்கிறதா என்று ஒரு சிறு வெப்பமானியால் பார்த்துவிட்டுப் பொருட்களை அடுக்குங்கள்.

சலவை இயந்திரம்

தண்ணீர்த் தாங்கியிலிருந்து வரும் குழாய் இயந்திரத்தில் பொருந்தும் வாயில் ஒரு நுண்வலை இருக்கிறது. தண்ணீர் மெதுவாக ஏறுகிறது என்றால், மோட்டரைக் குறைசொல்வதற்கு முன்னர் அந்த வலையைக் கழற்றிப் பாருங்கள். மணலும் சுண்ணாம்பும் அடைத்திருக்கும். வினாகிரியில் ஊறவைத்தால் திறந்துவிடும்.

முன்கதவு உள்ள இயந்திரத்தில் வாய்ப் பட்டியின் மடிப்பை விரித்துத் துடைத்து, பவுடர் இழுப்பறையை வெளியே எடுத்துக் கழுவி, துணியில்லாமல் 60 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் 100 கிராம் சிற்றிக் அமிலம் போட்டு ஒரு முழுச் சுற்று ஓடவிடுங்கள். வெந்நீர் வசதியில்லாத, மேல்மூடி இயந்திரங்களில் சாதாரண நீரிலேயே அமிலத்தைக் கரைத்து ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு ஓட்டலாம். குளோரின் சுற்று வேண்டுமென்றால் மறுநாள், இடையில் ஒரு வெறுந்தண்ணீர்ச் சுற்றுக்குப் பின்னர். ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் மூடியைத் திறந்துவைப்பது இந்த எல்லாவற்றையும்விடப் பயன் தரும்.

மற்றவை

றைஸ் குக்கரில் கவனிக்க வேண்டியவை ஆவித்துளையும், உள்மூடியும், பின்னால் தொங்கும் நீர்க்கிண்ணமும். சட்டிக்கும் சூட்டுத்தட்டுக்கும் இடையில் ஒரு சோற்றுப் பருக்கை கிடந்தாலே சட்டி சாய்ந்து சோறு கருகும். தட்டை உலர்ந்த துணியால் துடையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு கிண்ணம் தண்ணீரில் தேசிக்காயை வெட்டிப்போட்டு மூன்று நிமிடம் சூடாக்கி, ஐந்து நிமிடம் மூடிவைத்தால், ஒட்டியிருந்த கறி இளகித் துணியோடு வந்துவிடும்.

சோளகம் வீசும் மாதங்களில் மின்விசிறியின் இறக்கைகளில் செம்மண் தூசி படையாக ஏறும். பழைய தலையணை உறையை இறக்கைக்குள் செருகி இழுத்தால் தூசி கட்டிலில் கொட்டாமல் உறைக்குள்ளேயே விழும். குளிரூட்டியின் (ஏ.சி.) வடிகட்டியைப் பயன்பாட்டு மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவி நிழலில் உலர்த்துங்கள். தீவகத்திலும் கரையோரத்திலும் உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும் என்பதால், வெளிப்பெட்டியையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பது நன்று.

சுவிட்சு, தொலையியக்கி, குளிர்சாதனப் பெட்டியின் கைபிடி ஆகியவற்றுக்கு அற்ககோலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், நேராக விசிறாதீர்கள். அடுப்பு எரியும்போது அற்ககோல் போத்தலைத் திறக்கவும் வேண்டாம். வீட்டில் யாருக்காவது வயிற்றோட்டம் இருக்கும் நாட்களில் இவற்றை நாளுக்கு இரண்டு தடவையாவது துடைக்க வேண்டும். ஆனால் நோரோ வைரசு போன்றவற்றுக்கு அற்ககோல் நன்றாக வேலை செய்யாது. கைபிடிகளை அந்த நாட்களில் 0.1 சதவீதக் குளோரினால் துடையுங்கள். துடைக்கும் துணியையும் மறக்காதீர்கள். மீன் தட்டைத் துடைத்த துணியால் கைபிடியைத் துடைத்தால் கிருமியை நாமே கொண்டுபோய்ப் பூசியவர்களாவோம். வேலை முடிந்ததும் துணிகளைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் அவித்து வெயிலில் விரியுங்கள்.

தொற்றுநீக்கியை வைக்கும் இடம்

குளோரின் திரவம் வெயிலிலும் வெப்பத்திலும் வலுவிழக்கும். குசினி யன்னலோரத்தில் வைக்காமல், குளிர்ச்சியான இருண்ட அலுமாரியில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வாங்கிய திகதியைப் போத்தலில் எழுதி ஒட்டுங்கள். பழையதாகிப்போன திரவத்துக்கு மேலே சொன்ன அளவுகள் எதுவும் பொருந்தாது. எக்காரணம் கொண்டும் சோடாப் போத்தலில் ஊற்றிவைக்காதீர்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு சிறுவன் அப்படியொரு போத்தலை வாயில் வைத்துவிட்டான். ஒரு மிடறோடு துப்பியதால் தப்பினான். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாமல், வாயைக் கொப்புளிக்கவைத்து, போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணில் தெறித்தால் குழாய்த் தண்ணீரைப் பதினைந்து நிமிடம் இடைவிடாமல் கண்ணில் ஓடவிட்ட பிறகு வைத்தியரிடம் காட்டுங்கள்.